பில் இல்லாத சரக்கு

இருநூறு ரூபாய் கட்டியாச்சு,
திருப்பித் தரமாட்டாங்க என்றான் அபுதாகிர்.
என்னைக் கேட்காமல் என் பெயர்.
என் வயதில் ஒன்று குறைத்து அறுபத்து மூன்று.
ரத்தப் பிரிவு தெரியாததால் அவனுடையதையே எழுதியிருந்தான்.

எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா
உன் ரத்தத்தையா ஏத்துவாங்க என்றேன்.
பாவம், கொஞ்சம் கோபம் குறையட்டுமே என்றான்.

ஓணத்துக்கு முந்திய ஞாயிறு.
கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு கிளப் மைதானம்,
விடிவதற்குள் செண்டை.
முன்வரிசையில் பையன்கள் ஒற்றைக்காலில் கொக்காக நின்று
மறுகாலைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தார்கள்.
நான் மகன் விட்டுப்போன டிராக் பேண்டில்,
வேட்டி நினைப்பில் நாடாவை
இடுப்பில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு.
மார்பில் 417. நான்கு ஊக்கு.

கோபாலபுரம் தாண்டி
தேங்காய்க் கிடங்கருகே ஒரு நீல டிரம்.
அதைச் சுற்றித் திரும்ப வேண்டும்.
அவ்வளவுதான் என்றான், கல்யாணத்துக்குக் கூப்பிடுவதுபோல.

விசில் ஊதியதும் பறந்துவிட்டான்.
முப்பது வருஷம் உட்கார்ந்து லாரி ஓட்டியவன்
உட்காராமல் ஓட இவ்வளவு ஆசையை
எங்கே வைத்திருந்தானோ.
எனக்குக் கணவாய்க் காற்று முதுகைத் தள்ளிவிட்டது.
திறக்காத கள்ளுக்கடை. திறந்த லாட்டரிக்கடை.
கோழிக்காய்ச்சலுக்கு மருந்தடிக்கிற ஆள்
லாரி டயரை நனைத்துவிட்டு
என் ஷூவுக்கும் ஒரு பீய்ச்சு பீய்ச்சினார்.
இவ்வளவு மெதுவாகப் போவது எதையும்
அவர் விடுவதில்லை போலிருக்கிறது.

அப்புறம் என் சாவடி.

இருபத்திரண்டு வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னால்
நான் கை நீட்டினால் நிற்காத வண்டி இல்லை.
நாடு முழுக்க ஒரே வரி என்று அறிவித்தார்கள்,
கட்டையைத் தூக்கிவிட்டார்கள்.
இப்போது உள்ளே ஒரு நாயும் அதன் நான்கு குட்டிகளும்.

பில்லில் ஒரு பூஜ்யம் குறைந்ததென்று
அபுதாகிரின் கொப்பரை லோடை
ஒரு ராத்திரி முழுக்க இங்கேதான் நிறுத்தினேன்.
மழை. தார்ப்பாயில் ஓட்டை.
விடிந்தபோது எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தான்.
ஏன் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

அதே இடத்தில், ரோட்டு நடுவில்,
கையைக் குறுக்கே நீட்டி நின்றிருந்தான்.
நிறுத்து. பில் எங்கே?

சிரிக்க மூச்சில்லை.
பில் இல்லை என்றேன்.
அப்ப ஓரங்கட்டு, விடியட்டும் என்றான்.
அப்போதுதான் பார்த்தேன்,
அவனுடைய மறுகை முழங்காலை விடவேயில்லை.

ஜன்னலடியில் உட்கார்ந்தோம்.
ஒரு குட்டி வந்து என் நாடாவைச் சப்பியது.
நீ போ, ஆம்புலன்ஸ் வரும், ஏறிக்கறேன் என்றான்.
டிரம் கண்ணுக்குத் தெரிந்தது. இருநூறு அடிகூட இருக்காது.

இருநூறு ரூபாய் என்றேன்.
திருப்பித் தரமாட்டாங்க.

அவன் என் தோளில், நான் அவன் திட்டில்.
டிரம்மைச் சுற்றும்போது அதைத் தட்டிப் பார்த்தான்,
டயர் தட்டுகிற பழக்கம். காலி.
திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்துத் தடுத்தது.
பின்னால் ஆம்புலன்ஸ், முதல் கியரில்,
பழைய மலையாளப் பாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு.

மைதானத்தில் வளைவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
மெடல் தீர்ந்துபோயிருந்தது. நேந்திரம்பழம் இருந்தது.
கடிகாரத்தை அணைத்துவிட்ட ஒரு பையன்
நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்:
சேட்டா, டைம் எத்ர?

எனக்குப் பழகிய கேள்வி. வாட்சைப் பார்த்துச் சொன்னேன்.
வந்து சேர்ந்தது எட்டு பத்து.
உருப்படி இரண்டு.
சேதாரம், முழங்கால் ஒன்று.

பையன் எட்டு பத்தை மட்டும் எழுதினான்.
அபுதாகிர் எட்டிப் பார்த்து
பூஜ்யம் சரியா இருக்கா என்றான்.